கேளாமலே திறக்கும் டிக்கெட்

(வன்னி மாவட்டங்களின் அரச அலுவலகங்களில் கணினிப் பொறுப்பைப் பார்ப்பவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலரிடம் ஜி.ஓ.வி. டொட் எல்.கே. என்று முடியும் அலுவலக மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. ஆகவே 2023 ஆகஸ்ட் 26 ஆம் திகதி நடந்ததை நான் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. இலங்கை அரச கிளவுட்டுக்குள் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேர்வரை மீட்டுவிட்டார்கள். ஆனால் அந்த வருடம் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்துபோன கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்தின் கடிதங்களும் அதற்குள் அடக்கம். காப்புப் பிரதி எடுக்காமல் இல்லை. எடுத்த பிரதி அதே வலையமைப்பில் தொடுத்திருந்தது, வைரஸ் அதையும் பூட்டிவிட்டது. தனியாகக் கழற்றி வெளியே வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

அன்றைய செய்திகளில் வைரஸ்தான் தலைப்பு. நான் கவனித்தது இன்னொரு விஷயம். அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ற் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11 ஆம் திகதியோடு முடியும் என்று மைக்ரோசொஃப்ற் பல வருடங்களுக்கு முன்பே அறிவித்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் யோசனை 2021 இலிருந்தே இருந்தது, நிதியும் தீர்மானங்களும் இழுபட்டன என்று அரச தகவல் தொழில்நுட்ப முகவரகமான ஐ.சி.ரி.ஏ. பின்னர் விளக்கம் தந்தது. ஆக ஒன்று, பதிப்பை மாற்றுவது: திகதி தெரிந்த வேலை. மற்றது, பிரதியைக் கழற்றி வெளியே வைப்பது: ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. இரண்டுக்கும் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. உரிய நாளில் உரிய ஆளின் மேசையில் அந்த வேலை வந்து விழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாபகமூட்டினால் நிதி வந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். வராது. ஆனால் எந்தத் திகதியில் யாருக்குச் சொல்லப்பட்டது, அவர் என்ன பதில் எழுதினார் என்பது பதிவில் நிற்கும். நிதி கேட்டு எழுதும் அடுத்த கடிதத்துக்கு அந்தப் பதிவைவிடப் பலமான இணைப்பு இல்லை.

ஹெல்ப் டெஸ்க் என்பதை இப்போது எல்லா அலுவலகங்களும் ஓரளவு வைத்திருக்கின்றன. பிரிண்டர் ஓடவில்லை என்றால் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு டிக்கெட், அதாவது பதிவான ஒரு முறைப்பாடு, வரும். இன்ரர்நெற் இல்லை என்றால் ஐந்து டிக்கெட் வரும். பழுதானதற்கு முறைப்பாட்டுக்காரர் இருக்கிறார். இன்னும் பழுதாகாத பொருளுக்காக யார் முறைப்பாடு செய்வது? சேர்வர் அறையில் இருக்கும் யூ.பி.எஸ். பற்றரி செத்துக்கொண்டிருப்பதைக் கணக்காளர் அறியமாட்டார். அதனால்தான் அந்த முறைப்பாட்டை ஒரு ஸ்கிரிப்ட் செய்ய வேண்டும் என்கிறேன். நேரம் குறித்து வைத்தால், ஒருவரும் கேளாமலே அது டிக்கெட்டைத் திறக்கும்.

இது புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். கச்சேரியில் வேலை பார்த்த பழைய கிளாக்கர்மார் கோவையை மூடும்போது ஓரத்தில் ஒரு திகதியைக் குறித்து 'பிறிங் அப்' போட்டு வைப்பார்கள். அந்தத் திகதி வந்ததும் கோவை தானாக மேசைக்கு வரும், அல்லது வரவைக்கவென்றே ஒருவர் டயறியோடு இருப்பார். கணினி வந்தபோது கோவைகளைக் கணினிக்குள் போட்டோம், டயறியை வெளியே விட்டுவிட்டோம்.

வன்னியில் இந்த விஷயம் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக உறைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் அலுவலகங்கள் பெரும்பாலும் 2009 க்குப் பிறகு திரும்பக் கட்டப்பட்டவை. முந்திய கோவைகள் இடப்பெயர்வுகளோடு போயின, அவற்றை அறிந்த ஆட்களும் திசைக்கொருவராகப் போனார்கள். இப்போது இருப்பவர்களிலும் ஒரு பங்கினர் திங்கட்கிழமை காலை யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து வெள்ளி பின்னேரம் திரும்புபவர்கள். இடமாற்றக் கடிதம் வந்தால் அடுத்த மாதம் அவர் இல்லை. ஜெனரேற்றருக்கு எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும், சேர்வரின் கடவுச்சொல் எந்த உறையில் இருக்கிறது, ஃபயர்வோல் உரிமம் எந்த மாதம் முடிகிறது என்பதெல்லாம் ஒரே ஒருவரின் தலைக்குள் இருந்தால், அவர் போகும் நாளில் அவையும் புறப்பட்டுவிடும். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கதிரை, மேசை, கணினி எல்லாம் எண்ணிக் கையெழுத்து வாங்குவோம். ஒக்ரோபரில் செய்ய வேண்டிய வேலை எது என்று எழுதி வாங்குவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

லினக்ஸ் சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரோன் தெரியும். 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. இன்று பரவலாக இருப்பவற்றில் பல, 1987 இல் போல் விக்சி எழுதிய வடிவத்தின் வழித்தோன்றல்கள். ஒரு வரியில் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை. 0 8 * * 1 என்று எழுதினால் ஒவ்வொரு திங்களும் காலை எட்டு மணி. 0 8 1 * * என்று எழுதினால் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலை எட்டு மணி. அந்த நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் ஹெல்ப் டெஸ்க் மென்பொருளிடம் ஒரு டிக்கெட்டைக் கொடுக்கும். ஓஎஸ்-டிக்கெட்டில் இதற்கென ஏ.பி.ஐ. வாசல் இருக்கிறது; சாவியும் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வரலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. ரிக்வெஸ்ற் ற்ரக்கர் வைத்திருப்போர் கிரோனோடு சேர்த்து ஓட்டவென்றே ஒரு கருவியை அதோடு பெறுகிறார்கள். ஜி.எல்.பி.ஐ. யில் திரும்பத் திரும்ப வரும் டிக்கெட் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது, ஸ்கிரிப்ட்கூட வேண்டாம். இவை எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. இவற்றில் ஒன்றும் சரிவராவிட்டால் ஹெல்ப் டெஸ்க் முகவரிக்கு ஸ்கிரிப்ட் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், டிக்கெட் திறக்கும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை வேண்டும் என்று 0 8 1-7 * 1 என்று எழுதுவார்கள். பார்த்தால் சரி போலத்தான் இருக்கும்: முதல் ஏழு நாளுக்குள் வரும் திங்கள். ஆனால் நாளையும் கிழமையையும் இரண்டையும் குறித்தால், இரண்டில் எது பொருந்தினாலும் கிரோன் ஓடும். முதல் ஏழு நாளும் ஓடும், அதற்குப் பிறகு வரும் திங்கள் எல்லாம் ஓடும். ஒரே வேலைக்குப் பத்தோ பதினொன்றோ டிக்கெட். ஆகவே ஒவ்வொரு திங்களும் ஓட விட்டு, இன்றைய திகதி ஏழுக்கு மேற்பட்டால் ஒன்றும் செய்யாமல் வெளியேறும்படி ஸ்கிரிப்டுக்குள்ளே ஒரு வரி எழுதுங்கள். போயா விடுமுறையைக் கிரோனின் ஐந்து இடங்களால் சொல்லவே முடியாது, சந்திரன் எங்கள் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவன் அல்லன். வருடத் தொடக்கத்தில் விடுமுறைத் திகதிகளை ஒரு கோப்பில் இட்டு வைத்து, ஸ்கிரிப்டை அதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். டிக்கெட் விடுமுறையில் திறப்பதால் நட்டமில்லை, முடிக்க வேண்டிய திகதியை மட்டும் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளுங்கள்.

அடுத்தது நேரம். வாடகை சேர்வர்கள் பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில் ஓடும். அங்கே எட்டு மணி என்று எழுதினால் இங்கே பிற்பகல் ஒன்றரைக்குத்தான் டிக்கெட் வரும். எட்டு மணிக்கு வேண்டுமென்றால் 30 2 என்று எழுத வேண்டும், அல்லது சேர்வரின் நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று மாற்ற வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு பழைய கதையைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 1996 இல் வரட்சியால் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது அரசாங்கம் மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்சம் அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே வவுனியா நகரில் எட்டு மணி என்றால் கிளிநொச்சியில் ஏழரை. 2002 இல் ஏ-9 வீதி திறந்த பிறகு ஓமந்தையைத் தாண்டியவர்களுக்கு இது நல்ல நினைவு இருக்கும். ஒரு கலியாண முகூர்த்தம் சொன்னால்கூட "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்ட காலம். உலகக் கணினிகள் எல்லாம் பின்பற்றும் நேர வலயத் தரவில் இலங்கைக்கு ஒரே ஒரு பதிவுதான் உண்டு, அது கொழும்பின் பதிவு. அந்தத் தரவைப் பராமரிப்பவர் அதன் ஓரக் குறிப்பில், தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் ஆசியா/கொல்கத்தா வலயத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்தார். ஒரு நிலத்தின் பத்து வருடம் ஒரு கணினிக் கோப்பின் ஓரக் குறிப்பில் நிற்கிறது. இன்று இரண்டு வலயமும் ஒரே நேரம்தான். ஆனாலும் கொழும்பையே போடுங்கள். நாளைக்கு யாராவது மீண்டும் கடிகாரத்தில் கை வைத்தால் கொல்கத்தாவில் மாறாது.

நேரத்தைவிடப் பெரிய தொல்லை மின்சாரம். 2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதும் இருண்டது. எங்கள் பாடசாலைக் கணினி அறைகளில் பல்லியும் எறும்பும் சிறிய அளவில் அதையேதான் செய்கின்றன. கிரோனுக்கு ஒரு குணம் உண்டு. குறித்த நேரத்தில் இயந்திரம் அணைந்திருந்தால், அந்த வேலையை அது அப்படியே மறந்துவிடும். பிறகு மின்சாரம் வந்தாலும் திரும்பிப் பாராது. காலை எட்டு மணி மின்வெட்டுக்குள் அகப்பட்டால் அந்த மாதத்து யூ.பி.எஸ். டிக்கெட் வராது. மின்வெட்டுக்கு எதிராக நாங்கள் வைத்திருக்கும் பொருளைப் பரிசோதிக்கச் சொல்லும் டிக்கெட் மின்வெட்டிலேயே தொலைந்துபோவதைப் பாருங்கள். இதற்கு அனகிரோன் இருக்கிறது, கடைசியாக ஓடிய நாளைக் குறித்து வைத்து, தவறியதை இயந்திரம் எழும்பியதும் ஓட்டும். சிஸ்ரம்-டி வைத்திருப்போர் அதன் ரைமரில் பெர்சிஸ்ரென்ற் என்பதை இயக்கிவிட வேண்டும். விண்டோஸ் ராஸ்க் ஷெடியூலரிலும் தவறிய வேலையை இயன்ற விரைவில் ஓட்டும்படி ஒரு தெரிவு உண்டு. அது தானாகச் சரி போட்டிருக்காது, நீங்கள்தான் போட வேண்டும்.

இனி டிக்கெட்டுக்குள் என்ன எழுதுவது? நான் இதில்தான் கொஞ்சம் மினக்கெடப் போகிறேன், ஏனென்றால் ஸ்கிரிப்டை ஒரு பின்னேரத்தில் எழுதிவிடலாம், டிக்கெட்டின் வாசகத்தை எழுதத்தான் புத்தி வேண்டும்.

"யூ.பி.எஸ். பராமரிப்பு" என்று ஒரு டிக்கெட் திறந்தால் அதற்கு வரும் பதில் எனக்கு இங்கிருந்தே தெரியும்: "செய்தாச்சு." மூடியாச்சு. என்ன செய்தார் என்பது கடவுளுக்கும் அவருக்கும் மட்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: சேர்வர் அறை யூ.பி.எஸ். மெயின்ஸ் இணைப்பை நிறுத்திப் பத்து நிமிடம் பற்றரியில் ஓடவிடவும். பத்தாவது நிமிடத்தில் திரை காட்டும் வீதத்தை இங்கே எழுதவும். கடந்த முறை எழுதிய வீதம் கீழே உள்ளது. 60 வீதத்துக்குக் கீழே போயிருந்தால், புதிய பற்றரிக்கான கொள்வனவுக் கோரிக்கையின் இலக்கத்தைக் குறிப்பிடாமல் இந்த டிக்கெட்டை மூட வேண்டாம். இவ்வளவுதான். இதற்குச் "செய்தாச்சு" என்று பதில் எழுத முடியாது. ஓர் எண்ணை எழுதியே ஆக வேண்டும். நான்கு தவணை கழித்து அந்த எண்களை வரிசையாக வைத்தால், பற்றரி எந்த மாதம் படுக்கும் என்று கணக்காளருக்கே விளங்கும்.

ஈயப் பற்றரிகள் 25 பாகை வெப்பத்தை நினைத்துச் செய்யப்படுபவை. அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வவுனியாவின் ஏப்ரல் வெயிலில், ஏ.சி. பழுதான அறையில், ஐந்து வருடத்துக்கென்று வாங்கியது இரண்டு வருடத்தில் போகும். ஒரே திட்டத்தில், ஒரே வவுச்சரில் வாங்கிய பற்றரிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தச் செலவு ஒரே பாதீட்டில் வந்து விழும்.

எல்லா வேலைக்கும் மாதம் ஒன்று என்று சமமாகப் பிரித்துப் போடுவது கொழும்பில் அச்சடித்த மாதிரிப் படிவத்தின் பழக்கம். எங்கள் வருடம் அப்படிச் சமமாக ஓடுவதில்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் புழுதி கணினிக்குள் போகிறது, விசிறி துடைக்கும் டிக்கெட் அந்த மாதங்களில் இரண்டு தரம் வர வேண்டும். ஒக்ரோபரில் இடி மின்னல். ஆகவே எர்த் கம்பியையும் மின்னல் தடுப்பானையும் பார்க்கும் டிக்கெட் செப்ரெம்பர் நடுவில் திறக்க வேண்டும், ஒக்ரோபரில் திறந்தால் பிந்திவிடும். நிலத்தில் இருக்கும் யூ.பி.எஸ்., சேர்வர் பெட்டிகளை உயர்த்தும் டிக்கெட் மாரிக்கு முன் வர வேண்டும். 2018 டிசெம்பரில் ஒரே இரவு மழையில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பாடசாலைகளின் கணினி அறைக்கோ மாதக் கணக்கே பொருந்தாது, தவணை தொடங்க ஒரு வாரம் முன்பு என்பதுதான் கணக்கு.

எதற்கு டிக்கெட் போடக்கூடாது என்பதும் இருக்கிறது. தடுப்பூசி வைக்கும் குளிரூட்டியின் வெப்பநிலையை நாளுக்கு இரண்டு தடவை பார்த்து எழுத வேண்டும், 2 இலிருந்து 8 பாகைக்குள் நிற்க வேண்டும். அதற்கு நாளுக்கு இரண்டு டிக்கெட் திறந்தால் வருடத்துக்கு எழுநூற்றுச் சொச்சம். ஒருவரும் படிக்கமாட்டார்கள். அது குளிரூட்டிக் கதவில் ஒட்டிய தாளிலேயே இருக்கட்டும். அந்தத் தாள் நிரப்பப்படுகிறதா, வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க மாதம் ஒரு டிக்கெட் போதும். இன்னொன்று: ஸ்கிரிப்ட் தானே பார்க்கக்கூடியதை மனிதருக்கு டிக்கெட்டாகப் போடாதீர்கள். டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை ஸ்கிரிப்ட் பார்க்கட்டும், இடம் குறைந்தால் மட்டும் டிக்கெட் திறக்கட்டும்.

போன மாதத்து டிக்கெட் மூடாமல் இருக்கும்போது இந்த மாதத்தையும் திறப்பதா? கூடாது. ஒவ்வொரு டிக்கெட்டின் தலைப்பிலும் வேலையின் பெயர், இடம், குறித்த திகதி என்று ஓர் அடையாளத்தை வையுங்கள். திறப்பதற்கு முன் ஸ்கிரிப்ட் தேடிப் பார்க்கட்டும். அதே அடையாளம் இருந்தால் திரும்பத் திறக்க வேண்டாம், ஸ்கிரிப்ட் தற்செயலாக இரண்டு தரம் ஓடினாலும் பாதகமில்லை. பழையது திறந்தபடி கிடந்தால், அதிலேயே ஒரு குறிப்புச் சேர்த்து முன்னுரிமையை உயர்த்தட்டும். இரண்டாவது முறையும் அப்படியே கிடந்தால் மேலதிகாரிக்குப் பிரதி போகட்டும். புதிது புதிதாகத் திறந்துகொண்டே போனால் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் யாராவது எல்லாவற்றையும் தெரிவு செய்து ஒரே சொடுக்கில் மூடுவார். அவரில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை.

கடைசியாக, நான் மிகவும் பயப்படும் விஷயம். ஸ்கிரிப்ட் நின்றுபோனால் எப்படித் தெரியும்? டிக்கெட் வராத மாதம் வேலையில்லாத மாதம் போலவே இருக்கும், ஒருவருக்கும் சந்தேகம் வராது.

2017 ஜனவரி 31 ஆம் திகதி கிற்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் நள்ளிரவு நெருங்கும் வேளையில் தவறான சேர்வரில் தரவுத்தள அடைவை அழித்தார். நிறுத்துவதற்குள் 300 கிகாபைற் அளவில் இருந்தது நாலரையாகக் குறைந்திருந்தது. காப்புப் பிரதியைத் தேடினார்கள். கிரோன் ஒழுங்காக ஓடித்தான் இருந்தது. ஆனால் பிரதி எடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருந்தது. பிழையைச் சொல்ல ஒவ்வொரு முறையும் ஒரு மின்னஞ்சலும் புறப்பட்டிருக்கிறது. அனுப்புநர் உறுதிப்பாடு சரியில்லை என்று பெறும் சேர்வர் அவற்றை வாசலிலேயே தள்ளிவிட்டது. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. இடையில் போன ஆறு மணித்தியாலத்துத் தரவு போனதுதான்.

எங்கள் அலுவலகங்களில் அது நடக்கும் விதம் இன்னும் எளிமையானது. ஸ்கிரிப்டை எழுதியவர் தன் சொந்தக் கணக்கின் சாவியைப் போட்டிருப்பார். அவர் மன்னாருக்கு இடமாற்றம் பெறுவார். ஒழுங்கான நிர்வாகி ஒருவர் அவருடைய கணக்கை அன்றே முடக்குவார். அன்றோடு டிக்கெட்டுகள் நிற்கும். ஆகவே ஆள் பெயரில்லாத ஒரு சேவைக் கணக்கை உண்டாக்கி, அதன் சாவியையே பயன்படுத்துங்கள். ஸ்கிரிப்டையும் விடுமுறைக் கோப்பையும் டிக்கெட் வாசகங்களையும் அலுவலகத்தின் பொதுக் கோப்புறையில் வையுங்கள், ஒப்படைப்புப் பட்டியலில் கதிரை மேசைகளுக்குக் கீழே இவற்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பிறகு வேறொரு இயந்திரத்தில், இயலுமானால் வேறொரு கட்டிடத்தில், சின்னதாக இன்னொரு ஸ்கிரிப்ட் ஓடட்டும். அதன் வேலை ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, எட்டு மணி டிக்கெட் வந்ததா என்று பார்ப்பது. வரவில்லை என்றால் ஒரு எஸ்.எம்.எஸ். மின்னஞ்சல் வேண்டாம், கிற்லாப்பின் கதையைக் கேட்டீர்கள்.

அந்த எஸ்.எம்.எஸ். யாருடைய தொலைபேசிக்குப் போக வேண்டும் என்பதை நான் சொல்ல முடியாது. ஒவ்வொரு அலுவலகத்திலும் இரண்டு பெயர்கள் வேண்டும், இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போடாதவர்களாக இருக்க வேண்டும். வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வந்தவர்கள் தேநீர் இடைவேளைக்குள் அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தாருங்கள், பிற்பகல் அமர்வில் அவற்றை வைத்தே ஸ்கிரிப்டை எழுதத் தொடங்குவோம்.